ஊர் ஒதுக்கி வைத்த தண்ணீர்

பக்கிரிசாமியின் ஆரஞ்சு நிற வேலை உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடலுக்கு அடியிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து மேலே வந்து, கிணறு தோண்டும் மேடையான ரிக்கில் கழுவப்பட்டு, திரும்பக் கடலில் ஊற்றப்பட்ட தண்ணீரில் கொஞ்சம், கடல் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத காரணத்தால் கரையேறி, நண்டுமேட்டின் நடுத்தெரு வழியாக உருண்டு நடந்து, யாரிடமும் வழி கேட்காமல் வந்து அந்த உடுப்புக்குக் கீழே நின்றது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். குடம் இல்லை, பை இல்லை, சுற்றிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, தண்ணீர் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் நெளிந்தது. மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது.

பக்கிரியின் மனைவி தையல்நாயகி கழுநீரைக் கொட்ட வெளியே வந்தவள் அதைப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரு வீட்டுதுடி இது? அவுத்து வுட்டுட்டு எங்க போனீங்க?"

தையல் விளக்குமாற்றை எடுத்து வந்து அதை வாசலைத் தாண்டித் தள்ளினாள். தள்ளிய இடம் வரைக்கும் போனது, அவள் திரும்பியதும் திரும்பி வந்தது. தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது. விரலை நாக்கில் வைத்துத் துப்பினாள், கடல் தண்ணீரெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லும்படியான உப்பு.

தையலுக்குப் பொறுமை கிடையாது. ஆண்டவன் பொறுமையைப் பங்கு வைத்த நாளில் அவளும் வரிசையில் நின்றிருப்பாள், நேரமாகிறது என்று பாதியில் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று அவள் அம்மா அஞ்சலாட்சி சொல்வாள். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான், வாத்தியார் படம் வரைந்து பாகம் குறிப்பதற்குள் இவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இவள் வடித்த சோற்றில் நடுவில் எப்போதும் கொஞ்சம் அரிசி இருக்கும். பக்கிரி அதைத் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கை கழுவுகிறவன், அதனால்தான் அந்தக் கல்யாணம் நிலைத்தது என்று ஊரில் பேச்சு.

பக்கிரி பாதி மாதம் ரிக்கில், பாதி மாதம் வீட்டில். அன்றைக்கு அவன் ரிக்கில் இருந்தான், கொடியில் காய்ந்தது மாற்று உடுப்பு. ரிக்கில் அவனுக்குத் தண்ணீர் கழுவுகிற வேலை. கடலுக்கு அடியில் கிணறு போட்டால் எண்ணெய் மட்டும் தனியாக வருவதில்லை, ஆதி காலத்திலிருந்து பாறைக்குள் அடைபட்டுக் கிடந்த தண்ணீரும் கூடவே வரும், அதிலிருந்து எண்ணெயைப் பிரித்து, சுழற்றி, குமிழி விட்டு, வடிகட்டிக் கடலில் விட வேண்டும். இதை அவன் ஊரில் சொன்ன அன்றைக்கே அவனுக்குத் தண்ணிகழுவி என்று பெயர் விழுந்துவிட்டது. "தண்ணியக் கழுவுறியாமே, எத வச்சு மாப்புள கழுவுற, தண்ணிய வச்சா?" என்று டீக்கடையில் கேட்காத வாய் இல்லை. அவன் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் இரண்டு வருஷமாக ரிக்கைச் சுற்றி வலை போட்டால் வலை வழவழவென்று வந்தது, மீன் வருவது குறைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

தண்ணீர் ஏன் தையல் வீட்டுக்கு வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை கோடி வருஷத்தில் அதற்குத் தெரிந்த ஒரே மனுஷன் பக்கிரி, தெரிந்தவன் வீட்டுக்குத்தானே வரும். ஊருக்கு இருந்த கவலையெல்லாம் வந்ததை எப்படி நடத்துவது என்பதுதான். பிள்ளைகள் அதற்குள் கையை விட்டு விட்டு எடுத்து, கை வழுக்குகிறது என்று ஒருவனை ஒருவன் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டுக்காரி அகத்திக்கீரை கொண்டுவந்து வைத்தாள், தின்னவில்லை. சோப்பு விற்க வந்த ஏஜென்ட் ஒருவன் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டான். இரண்டாம் நாள் அது தெருவில் போனால் சைக்கிள்கள் மணி அடித்து ஒதுங்கின, மூன்றாம் நாள் மணி அடிப்பதையும் விட்டுவிட்டார்கள், ஊர் என்றால் அவ்வளவுதான், எதுவும் மூன்று நாள்தான் அதிசயம்.

சிக்கல் வந்தது மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில். வயதில் மூத்தவருக்கு முதல் மரியாதை, தலையில் பரிவட்டம் கட்டி முதல் விபூதி கொடுப்பது அந்த ஊர் வழக்கம், அந்த மூத்தவர் என்று பல வருஷமாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தவர் ஊர் நாட்டார் குஞ்சிதபாதம். அவருக்கு வயது என்ன என்று கேட்டால் வருஷத்துக்கு இரண்டு கூட்டிச் சொல்வார். பூசாரி பரிவட்டத்தை எடுத்து நீட்டும்போது, படகுக்காரன் ஒருவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"பெரியப்பா, மூத்தவங்களுக்குத்தான் மொத மரியாதைன்னு நீங்கதான சொன்னீங்க? அங்க நிக்கிதே, அது உங்கள விட மூப்பு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தண்ணீர் வேப்பமரத்தடியில் பவ்வியமாக நின்றிருந்தது.

"தல எங்கடா இருக்கு அதுக்கு?" என்றார் நாட்டார். "தலையில்லாததுக்கு எப்படிடா பரிவட்டம் கட்டுவ?"

"மேல வச்சா மெதக்கும் பெரியப்பா. உங்க தலையிலதான் அடிக்கடி நழுவுது."

வைத்துப் பார்த்தார்கள். மிதந்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி அழகாக நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். நாட்டாருக்கு அன்றைக்கு இரண்டாம் மரியாதை, அவர் அந்த விபூதியை நெற்றியில் பூசவில்லை, வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை ஊர்ப் பெண்கள் ஒன்றாகக் கூடி இன்னொரு காரியம் செய்தார்கள். கோயில் மரியாதை வாங்கியது, ஊருக்கு விருந்தாக வந்தது, அதை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாமல் வைத்திருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அஞ்சலாட்சி தலைமையில் நல்லெண்ணெய் காய்ச்சி, மிளகு தட்டிப் போட்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து ஊற்றினார்கள். எண்ணெய் தாங்காமல் கரையேறி வந்த தண்ணீருக்கு இவர்கள் வைத்தது எண்ணெய்தான் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. தையலும்தான் ஊற்றினாள். நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்தும் விட்டாள்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஆபீசர் ஸ்ரீவத்சன் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், கூப்பிய கையைப் பிரிக்காமலே பேசுவார். ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"நல்லெண்ணெய் வாசனை வருதே?"

"ஆமா சார், தலைக்கு ஊத்துனோம்" என்றாள் அஞ்சலாட்சி.

"அம்மா, பாறையில இருந்து வர்ற எண்ணெய்க்குத்தான் கம்பெனி பொறுப்பு. நல்லெண்ணெய்க்கு நாங்க பொறுப்பில்ல. அதக் கழிச்சிட்டுப் பார்த்தா எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. கடல்ல விடலாம். ஒண்ணும் ஆகாது."

அதையே அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நாட்டாரிடம் கொடுத்தார். சரி என்று ஊரே சேர்ந்து தண்ணீரை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனது. தண்ணீர் தயங்கித் தயங்கி ஈரமணலில் இறங்கியது. கடல் பின்னால் போனது. இது ஓரடி முன்னால் வைத்தால் அது ஓரடி பின்னால் வைத்தது, தட்டில் கை வைக்கும் பிள்ளையிடமிருந்து தட்டை இழுத்துக்கொள்கிற மாதிரி. கடைசியில் ஒரே ஓர் அலை எழும்பி வந்து, தண்ணீரை அலுங்காமல் தூக்கி, ஆபீசரின் ஜீப்புக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆபீசரின் ஷூ நனைந்தது. "அளவுக்குள்ளதான்" என்று அவர் இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை கடலைப் பார்த்து. கடல் எதையும் படிக்கிறதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வலைக்கூடத்தில் ஊர் கூடியது. பேச்சு ஒரே பேச்சுதான், கடலே வேண்டாம் என்று துப்புகிற தண்ணீரையா பக்கிரி இத்தனை நாளாகக் கழுவினேன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கினான். கழுவவே இல்லை, வால்வைத் திறந்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்றான் ஒருவன். வலையெல்லாம் வழவழத்ததற்குக் காரணம் இப்போது தெரிந்துவிட்டது என்றான் இன்னொருவன். நாட்டார் எல்லோரையும் பேச விட்டுக் கடைசியில் தொண்டையைச் செருமினார். அந்தத் தண்ணீர் முறையாகக் கடலில் சேருகிற வரைக்கும் பக்கிரிசாமி வீட்டை ஊர் ஒதுக்கி வைக்கிறது, அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கூடாது, நெருப்பு கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது, அவர்களும் ஊரில் நல்லது கெட்டதில் நிற்கக் கூடாது, தண்ணீருக்கும் அதே விதி என்றார்.

தையலுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவள் தங்கச்சி வினோதாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. தங்கச்சிக்குத் தலை வாரிப் பழக்கியது இவள், பள்ளிக்கூடத்தில் இவளை அடித்தவனைத் திருப்பி அடித்தது அவள். நாத்தனார் முடிச்சு மாப்பிள்ளை வீட்டு வேலை, ஆனால் மணையில் உட்காரும் வினோதாவுக்குப் பின்னால் நிற்பது தான்தான் என்று இரண்டு பேரும் சின்ன வயதிலேயே பேசி வைத்தது.

"பெரியப்பா, நீங்க பரிவட்டம் போச்சேன்னு பண்றீங்க" என்றாள் தையல், கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று.

நாட்டார் பதில் சொல்லவில்லை. விதி அப்போதே தொடங்கிவிட்டது.

தமுக்கு அடித்துச் சொன்ன பிறகு ஊர் உண்மையிலேயே பேச்சை நிறுத்தியது. தையல் அழவில்லை, அழுதால் நேரமாகும். பக்கத்து ஊர் புன்னக்காட்டுக் கடைக்கு நடந்து போய்ச் சீயக்காய், பூந்திக்கொட்டை, துணி சோப்புத்தூள், தேங்காய் நார் எல்லாம் வாங்கி வந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கி, நெல் மிதிப்பது போல் மிதித்து, துணி துவைப்பது போல் அடித்து, நாரால் தேய்த்து, மூங்கில் கழியால் கடைந்து, இரண்டு நாள் ஓயாமல் கழுவினாள். தண்ணீர் நுரைத்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் வானவில் படலம் எல்லாம் போய், மொத்தத் தண்ணீரும் கெட்டி மோர் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது.

பக்கிரி முறை முடிந்து ஊர் திரும்பினான். தெருவில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை, தண்ணிகழுவி என்றுகூட யாரும் கூப்பிடவில்லை, அதிலேயே அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. வாசலில் பையை வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான்.

"என்ன புள்ள பண்ணி வச்சிருக்க?"

"அத அப்பறம் பாப்போம். மாமா, ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு. நீ கழுவுனியா, வால்வத் தொறந்து அப்பிடியே வுட்டியா? பொய் சொன்னா இன்னிக்குச் சோறு கெடயாது."

"உண்மையச் சொன்னா?"

"அரவேக்காடுதான்."

பக்கிரி வாசற்படியில் உட்கார்ந்தான். "கழுவுனேன் புள்ள. ஆனா முழுசா இல்ல."

"முழுசா இல்லன்னா?"

"கெணறு கெழடாப் போச்சு. நான் வேலைக்குச் சேந்தப்ப எண்ணெய் நெறைய வரும், தண்ணி கொஞ்சமா வரும். இப்ப தண்ணிதான் குபுகுபுன்னு வருது, எண்ணெய் கொஞ்சமா. தொட்டி மட்டும் அதே தொட்டி. உள்ள வந்த தண்ணி மூச்சு வுடுறதுக்குள்ள பின்னாடி வர்றது முட்டித் தள்ளுது. எண்ணெய் தானா மேல வரும் புள்ள, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண வேணாம். கொஞ்ச நேரம் சும்மா நிக்க வுடணும். அந்த நேரம்தான் அங்க இல்ல. பெரிய தொட்டி வேணும்னு ஆபீசர்கிட்ட கேட்டேன். அளவுக்குள்ளதான இருக்குன்னாரு. சரின்னு வந்துட்டேன்."

"ஏன் சரின்ன?"

பக்கிரி எழுந்து உள்ளே போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். தையல் சோறு போட்டாள். அரிசி இருந்தது. தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "நீ அத அடிச்சுக் கடஞ்சிருக்க. எண்ணெய் எங்கயும் போவல, பொடிப்பொடியா ஒடஞ்சு உள்ளயே ஒளிஞ்சிக்கிச்சு. இப்ப முன்னவிட மோசம்."

"பின்ன என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

அதைவிடப் பெரிய வேலையை யாரும் தையலிடம் கொடுத்ததில்லை. முதல் நாள் அவள் அரை மணிக்கு ஒரு தடவை போய் விரலை விட்டுப் பார்த்தாள், மேலே வர இருந்த எண்ணெய் விரல் பட்டதும் கலைந்து கீழே போனது. "குத்தாத புள்ள" என்றான் பக்கிரி. ஊதிப் பார்த்தாள். "ஊதாத." கிட்ட நின்று முறைத்துப் பார்த்தாள், அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை, முறைத்தால் எண்ணெய் கலையாது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் அந்த வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஊர் ஒதுக்கி வைத்திராவிட்டால் பிள்ளைகள் தண்ணீருக்குள் கையை விட்டுக் கலக்கியிருக்கும், பெண்கள் அடுத்த சனிக்கிழமைக்கும் எண்ணெய் காய்ச்சியிருப்பார்கள், யாராவது பிரார்த்தனைக்குக் காசு போட்டிருப்பார்கள், எந்தக் கட்சிக்காரனாவது மாலை போட்டுப் போட்டோ எடுத்திருப்பான். இப்போது வாசலை மிதிக்க ஆள் இல்லை, சத்தம் போட ஆள் இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை, அதற்கும் யாரோ விதியைச் சொல்லியிருந்தார்கள் போல. தண்ணீர் கொடிக்குக் கீழே, வெயில் ஏறினால் வெயிலில், இறங்கினால் நிழலில், அசையாமல் நின்றது. காய்ச்சல் இறங்கியது. வெள்ளை மெல்ல மெல்ல நீர்த்தது. உச்சியில் கறுப்பாக ஒரு திட்டு திரண்டு வந்தது, தையல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கொட்டாங்குச்சியால் வழித்து எடுத்தாள். அடுத்த நாள் இன்னொரு திட்டு. அதில் மிளகு ஒட்டியிருந்தது, அது இவர்கள் ஊற்றியது.

ஊரில் ஒருத்தி மட்டும் அந்த வழியாகப் போவதை நிறுத்தவில்லை. அஞ்சலாட்சி ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு மகள் வீட்டு வேலியோரமாக வந்து நின்று கோழியிடம் பேசுவாள். கோழியிடம் பேசக்கூடாது என்று தமுக்கில் சொல்லவில்லை.

"ஏ கோழி, நாளைக்குப் பந்தக்கால் நடுறாங்களாம். சின்னவ சோறு திங்க மாட்டேங்கிறா. அக்கா இல்லாம மணையில ஏற மாட்டேங்கிறா. நீ என்ன சொல்ற?"

தையல் உள்ளிருந்து பக்கிரியிடம் சத்தமாகச் சொல்வாள்: "மாமா, அந்தக் கோழிகிட்டச் சொல்லு. முகூர்த்தத்துக்குள்ள தண்ணி தெளிஞ்சிரும். கெளம்பி வந்துருவேன்னு சொல்லு."

"கோழி கேட்டுக்கிச்சு" என்பாள் அஞ்சலாட்சி, மூக்கைச் சிந்தியபடி.

முகூர்த்த நாள் காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அந்தப் பக்கம் தொங்குகிற ஆரஞ்சு உடுப்பின் பொத்தான்கள் இந்தப் பக்கம் தெரிந்தன. தையல் தலைக்குக் குளித்து, கூறைப்பட்டு கட்டி, பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே தெருவின் அந்தப் பக்கத்தில் நாட்டார் குஞ்சிதபாதம் நின்றார், வெள்ளை வேட்டி, ஆபீசர் கொடுத்த தாள் கையில். அவர் தையலைப் பார்க்கவில்லை. கரண்ட் கம்பத்தைப் பார்த்தார்.

"ஏ கம்பமே, கேட்டுக்க. ஊரு ஒண்ணும் கல்நெஞ்சு கெடயாது. வீட்டுப் பொண்ணு கல்யாணம். இப்பவே கொண்டு போயி அதக் கடல்ல எறக்கிட்டு நேரா பந்தலுக்கு வரச் சொல்லு. நான் பந்தல்லயே வெலக்க எடுத்துடறேன். அளவுக்குள்ளதான் இருக்குன்னு ஆபீசரும் சொல்லிட்டாரு."

தையல் தண்ணீர் பக்கம் திரும்பினாள். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். உச்சியில், வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வானவில் இருந்தது.

"மாமா, இங்க வா. இது என்ன?"

பக்கிரி பார்த்தான். "கொஞ்சம்தான் புள்ள. நான் அங்க வுடுறதுல நூத்துல ஒரு பங்கு இருக்காது. நீ போ. தங்கச்சி காத்திருக்கும்."

"கடல் எடுத்துக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குக் கால் பரபரத்தது. நாதஸ்வரம் தொடங்கியிருந்தது, பந்தல் இரண்டு தெரு தள்ளி. போகலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது, அவள் வாழ்க்கையில் இந்த அளவுக்கு வெந்தால் போதும் என்று இறக்கி வைக்காத சட்டி கிடையாது. விரலால் வழித்துவிட்டால் என்ன என்று நினைத்தாள், வழித்தால் உடைந்து உள்ளே போகும் என்று இப்போது தெரியும், தெரியாமலே இருந்திருக்கலாம். பக்கிரியைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தவன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும், அந்த ஆபீசர் முன்னால்.

"கம்பமே" என்றாள். குரல் உடைந்தது, அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "நாட்டார்கிட்டச் சொல்லு. இன்னும் தெளியல. இருக்கு. இருக்கிறது என் கண்ணுக்குத் தெரியுது."

நாட்டார் தாளை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டு போனார்.

கெட்டிமேளம் கேட்டபோது தையல் பட்டுச் சேலையோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் தொடைக்குக் கீழே. அழுகை வந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

அந்த வானவில் மதியம் சுருங்கித் திரண்டது, சாயங்காலம் ஒரு கறுப்பு முத்தாக நின்றது, அவள் கொட்டாங்குச்சியைச் சாய்த்து அதை எடுத்தாள். எடுத்ததும் தண்ணீர் தானாகக் கிளம்பியது. கல்யாணச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு கரையில் நின்ற ஊர் முழுவதும் ஒதுங்கி வழி விட்டது. கடல் பின்வாங்கவில்லை, முன்னால் வரவும் இல்லை, எப்போதும் போல நுரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கியது, முழங்கால் ஆழம் வரைக்கும் அது தனியாகத் தெரிந்தது, பிறகு எது அது, எது கடல் என்று யாராலும் கை காட்ட முடியவில்லை.

"பாத்தீங்களா" என்றார் நாட்டார், முதலில் வாய் திறந்தவர் அவர்தான். "ஊரு ஒதுக்கி வச்சதாலதான் அது தெளிஞ்சுது. நான் அன்னிக்கே யோசிச்சுத்தான் சொன்னேன்." யாரும் மறுக்கவில்லை, மறுத்தால் யோசிக்காமல் கூடவே தலையாட்டியவர்கள் நாம் என்று ஆகும். விலக்கு எடுக்கப்பட்டது.

மறுநாள் காலையில் கரையில் ஒரு தண்ணீர்க் கூட்டமே நின்றது, சின்னதும் பெரியதுமாக, ஆவி பறக்க. ஒன்று மட்டும் டவுனுக்கே உருண்டு போய் ஆபீசர் ஸ்ரீவத்சனின் கார் கதவுப் பக்கத்தில் நின்றது, அவர் ஏறும்போது ஏறியது, இறங்கும்போது இறங்கியது. நண்டுமேடு பதறவில்லை, அதற்கு இப்போது வழி தெரியும். தமுக்கு அடித்து, முறைப்படி, வந்த தண்ணீர் அத்தனையையும் ஊர் ஒதுக்கி வைத்தது. பழைய உப்பளப் பாத்திகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தினார்கள், பேச்சு கூடாது, தொடக் கூடாது, எண்ணெய் வைக்கவே கூடாது, மீறினால் வலைக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டும். தெளிந்ததற்கு நாட்டார் போய் விலக்கு எடுப்பார், அதற்காகவே புதுத் துண்டு வாங்கினார். காரில் ஏறி இறங்கிய தண்ணீரோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திய பிறகு ஆபீசருக்கு ரிக்கில் பெரிய தொட்டி வேண்டும் என்பது விளங்கியது. தொட்டி வந்தது. பக்கிரிக்கு அங்கே இப்போது பாதி வேலை சும்மா உட்கார்ந்திருப்பது, டீக்கடையில் அதையும் கேலி செய்கிறார்கள், அவன் சிரித்துவிட்டுப் போகிறான்.

வினோதா மட்டும் பேசவில்லை. தமுக்கு இல்லை, விதி இல்லை, அவளாகவே பேசவில்லை. ஒரு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்க வரவில்லை என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாளாம். அம்மா கோழியைத் தூக்கிக்கொண்டு வெளியூரில் இருந்த புகுந்த வீட்டுக்கும் போய்ப் பார்த்தாள், வினோதா கோழியையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

தையல் முதல் தடவை போய் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் விளக்கினாள். காசு அகலத்துக்கு இருந்ததடி, நீ பார்த்திருந்தால் நீயும், என்று தொடங்கி முடிப்பதற்குள் தங்கச்சி கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பஸ் பிடித்துத் திரும்பி வருகிற வழி முழுக்கத் தான் கடைந்த மோர்த் தண்ணீர் தையலின் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த வாரம் மறுபடி போனாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே பாத்திரம் உருண்டது, வேண்டுமென்றே உருட்டிய சத்தம். தையல் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான், விவரமானவன். வெயில் ஏறி அவள் மடியில் விழுந்தது. பஸ் ஒன்று போனது, அடுத்ததும் போனது. சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்து வந்து நின்றது, அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

விளக்குமாற்றுச் சத்தம் உள்ளிருந்து மெல்ல மெல்ல முன்னால் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"தள்ளி ஒக்காரு" என்றாள் வினோதா. "கூட்டணும்."

தையல் தள்ளி உட்கார்ந்தாள்.